செய்யூர் பஸ்ஸில் வந்த சேதி

எங்கள் ஆபீஸில் 'காத்திருக்கும் சரக்கு' என்று ஒரு பேச்சு உண்டு. இன்டர்நெட்டில் போய்க்கொண்டிருப்பவை எல்லாவற்றுக்கும் அவசரம் கிடையாது. மழைமானி எடுத்த அளவு மத்தியானம் வந்தால் என்ன, சாயங்காலம் வந்தால் என்ன? பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய பாட வீடியோ நாளைக்குப் போய்ச் சேர்ந்தால் யார் குடி முழுகிவிடப் போகிறது? இப்படிக் காத்திருக்க முடிந்ததையெல்லாம் டவரில் ஏற்றாமல், எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிற பஸ்ஸில் ஏற்றி அனுப்பலாமே என்பதுதான் நாங்கள் செய்துபார்த்த வேலை. சிறுசேரியில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து இதை யோசித்தவர்களில் பலர் பஸ்ஸுக்குக் காத்திருந்தே பழக்கமில்லாதவர்கள். நான் பழகியவள். அதனால்தான் என்னை அந்த வேலையில் போட்டார்கள் என்று கிண்டல் செய்வேன்.

விஷயம் ஒன்றும் கடினமில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. நிறுத்தத்தில் கம்பத்தில் இன்னொரு பெட்டி, தலைக்கு மேல் ஒரு சோலார் தகடு. பஸ் வந்து நின்று ஜனங்கள் ஏறி இறங்குகிற நேரத்துக்குள் இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொள்ளும். பஸ் டிப்போவுக்கு வந்ததும் அங்கிருக்கிற பெட்டி எல்லாவற்றையும் வாங்கி இன்டர்நெட்டில் தள்ளிவிடும். முதலில் மாமல்லபுரத்திலிருந்து முட்டுக்காடு வழியாகப் போகிற ஒரு பஸ்ஸில் மாட்டினோம். அந்தக் கண்டக்டர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், இதுக்கு லக்கேஜ் டிக்கெட்டு கிழிக்கணுமா?" என்று கேட்டார். பிறகு செங்கல்பட்டு டவுன் பஸ்கள். அவை சரியாக ஓடியதும், டவர் எட்டாத பக்கம் ஒன்றைச் சோதிக்கலாம் என்று பேச்சு வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. எங்கள் ஊரைச் சொன்னேன்.

எங்கள் ஊர் செய்யூருக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில். தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால் போனில் ஒரு கோடு சிக்னல் தெரியும், இறங்கினால் போய்விடும். அப்பாவும் அம்மாவும் மட்டும் அங்கே இருந்தார்கள். அண்ணன் செங்கல்பட்டில் லாரி ஷெட்டில் மெக்கானிக். நான் சிறுசேரிப் பக்கம். வீட்டுக்குப் பேசவேண்டுமானால் அவர்களில் ஒருவர் தொட்டி ஏறவேண்டும். அம்மாவால் ஏற முடியாது, இதயம் பலவீனம். நீர் பிரிய மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், விட்டால் கால் வீங்கும். ஊர் நிறுத்தத்தில் பெட்டி வந்த பிறகு அந்தக் கவலை தீர்ந்தது. கம்பத்தடியில் நின்று போனில் பேசிப் பதிவு செய்தால் போதும், பஸ் வந்து எடுத்துக்கொண்டு போகும்.

அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. தினமும் பேசுவாள். ஆனால் நேரக் கணக்கு அவளை வாட்டியது. "இன்னாம்மா சாப்ட்ட? இத நீ நாளைக்கித்தான் கேப்பே. அப்ப நாளைக்கி இன்னா சாப்ட்டேன்னு சொல்லு" என்பாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் வேறு கேள்விக்குப் போயிருப்பாள். அவள் குழம்பு வைத்ததைச் சொல்வாள், அது எனக்கு வந்து சேரும்போது அந்தக் குழம்பு தீர்ந்து சட்டி கழுவியாகியிருக்கும். இருந்தும் அந்தக் குரலுக்காகக் காலையில் போனைத் திறக்க எனக்கு ஆசையாக இருந்தது.

அப்பாதான் பெட்டியோடு ஒட்டவில்லை. நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். பெட்டி மாட்டின அன்றைக்கு வேலை எல்லாம் முடிகிறவரைக்கும் தள்ளி நின்று பார்த்தார். என்ன வேலை என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நீயும் சேதி தூக்கற வேலதான் செய்யிறயா?" என்றார்.

சுருக்கென்றது. அவருடைய இளவயதில் ஊர்த்தெருவில் யார் இறந்தாலும் எங்கள் தெரு ஆட்கள்தான் சாவுச் சேதி எடுத்துக்கொண்டு போகவேண்டும். விருப்பம் என்று ஒன்று கிடையாது. வெயிலோ மழையோ, உறவுக்காரர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் நடந்துபோய், வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வரவேண்டும். கொஞ்சம் நெல் போடுவார்கள். ஒருநாள் முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் யாரும் அவரை நடவுக்கோ அறுப்புக்கோ கூப்பிடவில்லை, சவுக்கு வெட்டித்தான் எங்களைப் படிக்கவைத்தார். தன் வீட்டிலிருந்து இனி யாரும் சேதி தூக்கக்கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. மகள் இன்ஜினியராகிப் பெட்டியில் போட்டுத் தூக்குவாள் என்று அவர் எங்கே கண்டார்?

"இது சாவுச் சேதி இல்ல நைனா, எல்லாச் சேதியும்" என்றேன். "ம்" என்றார். ஆனால் அம்மா பேசும்போது கூடவே போய் நிற்பார். தான் பேசமாட்டார்.

சாவுச் சேதி பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்கள் பக்கத்தில் தூரத்தில் இருப்பவர்களிடம் இறந்துவிட்டார் என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. ரொம்ப முடியவில்லை, உடனே புறப்பட்டு வா என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவன் வழியில் நிலைகுலைந்துவிடக் கூடாது என்கிற இரக்கம். ஆனால் கேட்கிறவனுக்கும் இந்த வழக்கம் தெரியும். ஆகவே முடியவில்லை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பாதிப்பேர் பஸ் ஏறுவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள். எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் புயல் வந்தது. செய்யூர்ப் பக்கம்தான் கரையைக் கடந்தது. கரண்ட் கம்பங்கள் சாய்ந்தன, டவர்கள் செத்தன, தொட்டிமேல் ஏறினாலும் ஒரு கோடும் இல்லை. நான் சிறுசேரியிலும் அண்ணன் செங்கல்பட்டிலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கிடந்தோம். மறுநாள் ஊர் நிறுத்தம் இருக்கிற மெயின் ரோட்டில் மட்டும் மரங்களை அப்புறப்படுத்தியதும் பஸ்ஸை விட்டார்கள். டவர் உயிர்பெறுவதற்கு முன்னால் பஸ் ஓடிவிட்டது. ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே குதூகலம், இதற்காகத்தானே பெட்டி என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

அதற்கடுத்த நாள் காலையில் அண்ணன் கூப்பிட்டான். "பாப்பா" என்றான். அண்ணிதான் போனை வாங்கி, "அத்த பூட்டாங்கம்மா. உங்க நைனா பொட்டியில சேதி போட்டுக்கீறாரு. கெளம்பி வா" என்றாள்.

எப்படிப் புறப்பட்டேன், யார் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள் என்பது நினைவில்லை. திருப்போரூர் தாண்டும்போது சாலையோரம் முழுக்கத் தண்ணீர், அதில் ஒரு எருமை சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வாசல் காவல் வேலை செய்கிறவர், டூட்டி உடையிலேயே வந்து சுவரோரம் குந்தியிருந்தார். அண்ணன் போனைக் கொடுத்தான். நானும் கேட்டேன். அப்பா பேசியிருந்தார். அப்பா அந்தப் பெட்டியில் பேசி நான் கேட்ட முதல் சேதி அது.

"அம்மாவுக்கு ரொம்ப முடியல. வண்டி எடுத்துகினு ஒடனே வா. மாமனுக்கும் சொல்லிடு, கூட இட்டுகினு வா." அவ்வளவுதான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"நைனா கொரல் எனுக்குத் தெரியாதா? எத்தினி சாவு சொன்ன ஆளு" என்றான் அண்ணன். யாரும் மறுக்கவில்லை. பொறந்த வீட்டு ஆளை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பொறந்த வீட்டிலிருந்துதான் கோடிப் புடவை வரவேண்டும். வேறு எதற்கு மாமனைக் கூப்பிடுவார்? எனக்கும் அதில் கேட்டது அதே சாவுதான். வேறு மாதிரிக் கேட்க எங்கள் யாருக்கும் காது இல்லை.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மாமா கோடி எடுக்கப் போனார். புயலுக்குப் பயந்து துணிக்கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன. தெரிந்த கடைக்காரர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சி, அவர் குளித்துச் சாப்பிட்டு வந்து கடையைத் திறக்கிறவரைக்கும் நின்று, சுமங்கலிக்கு என்று அரக்குப் பார்டர் போட்ட பச்சைப் புடவை வாங்கி வந்தார். அண்ணி அதைப் பிரித்துப் பார்த்து, "மஞ்சாக் கலர்ல இல்லியா? அத்தைக்கு மஞ்சாதான் எடுப்பா இருக்கும்" என்று அழுதாள். மாமா திரும்பவும் போய் மாற்றிக்கொண்டு வந்தார். மாமல்லபுரத்தில் வாழ்க்கைப்பட்ட சித்தி திருக்கழுக்குன்றம் வழியாக வந்துகொண்டிருந்தாள், அவள் வராமல் எப்படிப் புறப்படுவது? பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். இருந்த சம்பங்கி முழுவதையும் வைத்துப் பெரிய மாலையாகக் கட்டச் சொன்னோம். ஒவ்வொன்றையும் அக்கறையாகத்தான் செய்தோம். ஒரு குறை இருக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தோம்.

பின்னாளில் ஆபீஸில் அந்தப் புயல் நாட்களைப் பற்றிப் பேசும்போது திரையில் ஒரு படம் போட்டார்கள். எந்தச் சேதி எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது, எந்த பஸ்ஸில் ஏறியது என்று கோடுகோடாக இருந்தது. அப்பாவின் சேதியும் அதில் ஒரு கோடு. முதல்நாள் சாயங்காலம் பேசியிருக்கிறார். ராத்திரி முழுக்கக் கம்பத்துப் பெட்டியில் கிடந்து, காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறது. தன்னால் முடிந்த வேகத்தில் அது வந்துவிட்டது. செங்கல்பட்டுக்கு வந்த பிறகு அது எங்கள் கையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதற்கு அந்தத் திரையில் கோடு இல்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வேன் செங்கல்பட்டை விட்டுக் கிளம்பியபோது உச்சிவெயில் சாய்ந்துவிட்டது. மதுராந்தகம் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் போனில் சிக்னல் போயிற்று. எங்கள் தெருமுனைக்கு வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தெருவின் குறுக்கே விழுந்த சவுக்கு மரங்களை எல்லாம் துண்டு துண்டாக வெட்டி இருபக்கமும் அடுக்கியிருந்தார்கள். வேன் நேராக வாசல்வரை போகிற மாதிரி வழி. தெரு ஆட்கள் இடுப்பில் துண்டோடு, சேறும் வியர்வையுமாக நின்றார்கள், கையில் அரிவாளும் ரம்பமும். எங்களைப் பார்த்ததும் ஒருத்தர் முகத்தில் சிரிப்பே வந்தது. சாவு வீட்டில் என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் வந்தது.

சித்தி வழக்கப்படி தெருமுனையிலேயே வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, தலைவிரிகோலமாக மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட்டபடி நடந்தாள். அண்ணியும் சேர்ந்துகொண்டாள். அண்ணன் மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் போனான், மாமா புடவைத் தட்டோடு பக்கத்தில். தெரு ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு ஒதுங்கினார்கள். யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. நாங்கள் வந்த வழியில் வேறு யாராவது செத்துவிட்டார்களோ என்று நினைத்தார்களாம், பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மூச்சை இழுத்து இழுத்துப் பேசுகிற குரல்.

"ந்தா... வெளிய போயிப் பாரு. யாரோ அய்வுறாங்க. யாரு பூட்டது?"

அப்பா வெளியே வந்தார். மாலையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. எத்தனை வாசலில் நின்றவர், அவருக்கா தெரியாது? சித்தியின் வாயைத் தன் கையால் பொத்தினார். அவர் அப்படிப் பெண்களைத் தொட்டுப் பேசுகிறவர் அல்ல. "உசுரோட கீறாடா" என்றார் அண்ணனிடம். கத்தவில்லை. "காலைலேர்ந்து மரத்த வெட்டி வழி பண்ணிகினு, வண்டி வரும் வண்டி வரும்னு ஒக்காந்துகினு கீறோம்."

"நைனா, மாமன இட்டுகினு வான்னியே" என்றான் அண்ணன்.

"ஆஸ்பத்திரில வேல செய்யிறவன்டா. எந்த வாசல்ல பூந்து எந்த டாக்டர பாக்கணும்னு அவனுக்குத்தான தெரியும்."

மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அப்பா மாலையை அண்ணன் கையிலிருந்து பிடுங்கி வேனின் பின் சீட்டுக்கு அடியில் தள்ளினார். புடவையையும் தள்ளினார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் சாவு சொல்ற மாதிரியாம்மா சொன்னேன்?" என்று கேட்டார். ஆமாம் என்றாலும் அவர் நெஞ்சில் இறங்கும், இல்லை என்றாலும் இறங்கும்.

அம்மா சுவரில் தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. கால்கள் தூண் மாதிரி வீங்கியிருந்தன, உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். "வந்துட்டியா" என்றாள். அதில் அப்படி ஒரு நிம்மதி. அவளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. அழுதால் கேட்பாளே என்று அடக்கிக்கொண்டேன். அண்ணனும் தெரு ஆட்களும் நாற்காலியோடு தூக்கி வேனில் ஏற்றினார்கள். நான் சீட்டில் உட்கார்ந்து அவளை என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். அப்பா எதிரில். வந்தவர்கள் எல்லோரும் திரும்ப ஏறினோம். செங்கல்பட்டுவரை தாங்கமாட்டாள் என்று மாமா பார்த்ததுமே சொல்லிவிட்டார், மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்கு விடு என்றார்.

வேனுக்குள் சம்பங்கி வாசம் நிறைந்து கிடந்தது. சன்னலைத் திறந்தேன். ஈரக்காற்று வந்தது, வாசம் போகவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா கண்ணைத் திறந்தாள். "மால வாசன வருது" என்றாள்.

அண்ணன் மாலையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான்.

"யாரு பூட்டதுன்னு சொல்லவே இல்லியே. உங்க சித்தி அப்பிடி அய்துச்சே."

சித்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எல்லோருக்கும் சேர்த்து நான்தான் பொய் சொல்லவேண்டியிருந்தது. "தூரத்துச் சொந்தம்மா. உனக்குத் தெரியாது" என்றேன்.

"எனுக்குத் தெரியாத சொந்தமா?" என்றாள். அந்த மூச்சிலும் அவளுக்குக் கிண்டல் இருந்தது. அப்புறம், "ஆம்பளயா, பொம்பளயா?"

"பொம்பள."

"புள்ளைங்க கீதுங்களா?"

"கீதும்மா. ரெண்டு."

"பாவம்" என்றாள். மூச்சு வாங்கியது. அடுத்த வார்த்தைக்கு நான் வெகுநேரம் காத்திருந்தேன். "என்ன ஆஸ்பத்திரில வுட்டுட்டு நீங்க போங்க. போயி மாலயப் போட்டுட்டு வாங்க. அதுங்க காத்துகினு இருக்கும்."

மதுராந்தகம் ஏரிக்கரை வருவதற்கு முன்பே அவள் கை என் கையில் கனத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை, ரோட்டில் மரம் விழுந்து கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அந்த மாலையைத்தான் போட்டோம். வேறு வாங்கலாம் என்று அண்ணன் அலைந்தான். பூக்கடை எதுவும் திறந்திருக்கவில்லை.